தலைகளை எண்ணுவோர் தங்கவயலையும் எண்ணிப் பார்க்கட்டும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: பெருகிவரும் மக்கள்தொகைக்கு இருக்கின்ற இயற்கை வளம் போதுமா என்ற கேள்வி, தலைநகரின் அரசியல் அரங்கில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வருகிறது. 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, மக்கள்தொகைப் பெருக்கம் வருங்காலத் தலைமுறைக்குப் புதிய சவால்களை உருவாக்கும் என்று எச்சரித்தார். அதே ஆண்டில், இரு குழந்தைகள் என்ற வரம்பை வலியுறுத்தும் தனிநபர் மசோதா ஒன்றை நியமன உறுப்பினர் ராகேஷ் சின்ஹா மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார். அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, கட்டாயம் ஏதுமின்றியே பிறப்பு விகிதம் குறைந்து வருவதை அவையில் எடுத்துரைத்ததைத் தொடர்ந்து, 2022 ஏப்ரலில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. வேகமான மக்கள்தொகைப் பெருக்கத்தின் சவால்களை ஆராய உயர்நிலைக் குழு அமைக்கப்படும் என்று 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

அதே 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தெற்கிலிருந்து வந்த குரல் வேறாக இருந்தது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் அடுத்தடுத்த நாள்களில், கூடுதல் குழந்தைகளைப் பெறுவது பற்றிப் பேசினர். குடும்ப நலத் திட்டத்தைச் செம்மையாக நிறைவேற்றிய மாநிலங்கள், தொகுதி மறுவரையறையில் மக்களவை இடங்களை இழக்க நேரிடும் என்ற அச்சமே ஸ்டாலின் பேச்சின் பின்னணி.

ஒரு தரப்பு தலைகள் அதிகம் என்கிறது. மறு தரப்பு தலைகள் குறைகின்றன என்கிறது. இரு தரப்பும் எண்ணுவது தலைகளைத்தான். கேள்வியின் மறுபாதியான வளம் எவ்வளவு, அது யாருக்குப் போகிறது, அது தீரும்போது என்ன நேர்கிறது என்பவை விவாதத்தில் இடம்பெறுவது அரிது. அந்த மறுபாதிக்கு விடை தேடுவோர், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் கோலார் தங்கவயலைச் சற்றே பார்ப்பது நல்லது.

ஒரே வளத்தை நம்பிய நகரம்

கோலார் பகுதியில் தங்கம் இருப்பதை 1802-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜான் வாரன் பதிவு செய்தார். 1870-களில் மைக்கேல் லவெல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தோண்டத் தொடங்கினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே சுரங்கத் தொழில் வேரூன்றியது. முள்ளும் புதரும் மண்டிக்கிடந்த அந்த மேட்டு நிலத்தில் இருபதே ஆண்டுகளில் ஒரு நகரம் எழுந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு சுமார் 38 ஆயிரம் பேர் இருந்தனர். வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களில் நிலமின்றிப் பண்ணைகளில் உழன்ற தாழ்த்தப்பட்ட மக்களே அவர்களுள் பெரும்பகுதியினர். பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஊரிகத்திலும் லைன் வீடுகளில் குடியேறினர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு கிளை அமைத்தது இதனால்தான். பின்னாளில் ரிபப்ளிகன் கட்சியும் அதிமுகவும் கர்நாடகச் சட்டப் பேரவைக்கு உறுப்பினர்களை அனுப்பிய தொகுதியாகத் தங்கவயல் விளங்கியதும் இதன் தொடர்ச்சியே.

இந்நகரத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அக்காலத்தில் வியப்புக்குரியவை. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் அமைத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து, 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். குடிநீருக்குப் பாலாற்றின் மேல்பகுதியில் உள்ள பேத்தமங்கலம் ஏரி பயன்படுத்தப்பட்டது. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கங்களில் வேலை பார்த்தனர்.

ஆனால் அந்த மின்சாரம் சுரங்கத்துக்காக வந்தது. லைன் வீடுகளுக்காக வரவில்லை. நகரத்தின் உலர் கழிப்பறைகளைக் கையால் சுத்தம் செய்யும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அக்கொடுமையை எதிர்த்து நாடு முழுவதும் இயக்கம் நடத்தி, 2016-இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன் இதே தங்கவயலில், அத்தொழிலில் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றுக்குச் சொந்தமான ஊரில், கழிப்பறைக்கு ஒரு குழாய் அமைக்க வளம் போதவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

தங்கம் தீர்ந்ததா?

1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962-இல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. அதற்குள் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசையும் தாண்டும். குளிர்காற்றைக் கீழே செலுத்தவும், நீரை வெளியேற்றவும், பாறை வெடிப்புகளைச் சமாளிக்கவும் செலவு ஏறிக்கொண்டே போனது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் தாதுவில் பல பத்து கிராம் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் நான்கு கிராம் கிடைப்பதே அரிதாயிற்று.

தொழிலாளர் நுரையீரலில் பாறைத் தூசு படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இழப்பீடு வழங்க மைசூர் அரசு 1940-இலேயே விதிகள் வகுக்கும் அளவுக்கு, இந்தத் தங்கத்துக்கு மனித உயிரும் விலையாகக் கொடுக்கப்பட்டது. அதே ஆழத்தை அறிவியல் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டது. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களின் தடயம் 1965-இல் உலகிலேயே முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட இடங்களுள் தங்கவயல் ஒன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தனர்.

நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்ட பாரத் கோல்டு மைன்ஸ், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அப்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தனர். தங்கம் தீர்ந்துவிட்டதால் சுரங்கம் மூடப்பட்டது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பூமிக்குள் தங்கம் இன்னும் இருக்கிறது. எடுப்பதற்கான செலவு, விற்கும் விலையைத் தாண்டிவிட்டது என்பதே மூடலுக்கான காரணம். 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட உலகச் சந்தை விலை, 2001 தொடக்கத்தில் 270 டாலருக்கும் கீழே கிடந்தது. அதாவது, இருபது ஆண்டுகளில் தங்கம் மிக மலிவாக விற்ற நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அதே தங்கம் 2025 அக்டோபரில் முதன்முறையாக 4,000 டாலரைத் தாண்டியது. 2001-இல் வீண் என்று கருதப்பட்ட தாது, இந்த விலையில் மீண்டும் வளமாகிவிடக்கூடும்.

ஆக, வளம் என்பது பூமியில் புதைந்து கிடக்கும் குறிப்பிட்ட அளவு மட்டும் அன்று. ஆழம், மின்சாரம், தொழில்நுட்பம், கூலி, சந்தை விலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒரு பொருளை வளமாக்குகின்றன, அல்லது கழிவாக்குகின்றன. மக்கள்தொகை பற்றிய உலக விவாதத்திலும் இதுவே மையப் பிரச்சினை.

ஒரு பந்தயமும் ஒரு பாடமும்

அந்த விவாதத்தில் தில்லிக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க உயிரியல் அறிஞர் பால் எர்லிக் 1968-இல் வெளியிட்ட 'மக்கள்தொகை வெடிகுண்டு' என்ற நூல், தில்லியில் ஒரு புழுக்கமான இரவில் டாக்சியில் செல்லும்போது அவர் கண்ட ஜனநெரிசலில் தொடங்குகிறது. கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று அந்நூல் எச்சரித்தது. 1961 கணக்கெடுப்பின்படி தில்லியின் மக்கள்தொகை 27 லட்சத்துக்கும் குறைவு. அதைவிடப் பன்மடங்கு பெரிய நகரங்கள் அன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தன. அங்கெல்லாம் தோன்றாத அச்சம் அவருக்குத் தில்லியில் தோன்றியதற்குக் காரணம், கூட்டத்தை விடவும் வறுமையே எனலாம்.

எர்லிக்கின் கருத்தை மறுத்த பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1980-இல் அவரைப் பந்தயத்துக்கு அழைத்தார். வளம் அருகினால் விலை ஏற வேண்டும். எனவே செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டுகளில் ஏறுமா, இறங்குமா என்பதே பந்தயம். அந்தப் பத்தாண்டுகளில் உலக மக்கள்தொகை சுமார் 80 கோடி கூடியது. ஆயினும் பணவீக்கத்தைக் கழித்தபின் விலைகள் இறங்கியிருந்தன. எர்லிக் தோற்று, 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். வேறு பத்தாண்டைத் தேர்ந்திருந்தால் அவர் வென்றிருக்கவும் கூடும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

இந்தியாவின் அனுபவமும் எர்லிக்கின் கணிப்பைப் பொய்யாக்கியது. 1951-இல் 36 கோடியாக இருந்த மக்கள்தொகை, ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023-இல் 142 கோடியைத் தாண்டி சீனத்தை முந்தியது. அதாவது நான்கு மடங்கு ஆயிற்று. அதே காலத்தில் உணவு தானிய உற்பத்தி 5 கோடி டன்னில் இருந்து 33 கோடி டன்னாக, ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. எனவே மக்கள் பெருகினால் வளம் தானாகவே தீர்ந்துவிடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு சரியன்று.

அப்படியானால் எல்லையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சந்தை விலையில் தெரிவதில்லை. இதற்கும் தங்கவயலே சாட்சி.

விலை இல்லாத வளங்கள்

தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைத்த பாறைத்தூள், சயனைடு மேடுகள் என்ற பெயரில் நகரத்தைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. இதன் அளவு சுமார் 3.3 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் வீடுகளுக்குள் வந்து படிகிறது. தங்கத்தின் விலையில் இந்தத் தூசுக்கான செலவு ஒருநாளும் சேர்க்கப்படவில்லை.

நீரின் கதையும் அதுவே. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் கோலார் நெடுங்காலமாக முன்வரிசையில் உள்ளது. தங்கத்துக்காக மூன்று கிலோமீட்டர் தோண்டிய மாவட்டத்தில், இன்று நீருக்காக ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்படுகின்றன. தங்கத்துக்கு விலை இருந்ததால், செலவு மிஞ்சியதும் தோண்டுவது நின்றது. நிலத்தடி நீருக்கு விலை இல்லாததால், கிணறு வற்றும் வரை தோண்டுவது நிற்கவில்லை.

இதன் விளைவாக, பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலாரின் ஏரிகளை நிரப்பும் கோரமங்கலா - செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரை நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்குச் செலுத்துவது இத்திட்டத்தின் நோக்கம். நீர் இரண்டாம் கட்டம் வரை மட்டுமே சுத்திகரிக்கப்படுகிறது. குடிநீர் ஆதாரங்களில் கலக்கும் முன் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்பது விவசாயிகளின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காவிரி நீரைக் குடித்து வளர்ந்த பெங்களூர், தான் பயன்படுத்தி முடித்த நீரைக் கோலாருக்கு அனுப்புகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் எத்தினஹொளெ ஓடையில் இருந்து கோலார் வரை நீர் கொண்டுசெல்லும் திட்டத்தின் முதற்கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. பாலாற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் வேலூர், ராணிப்பேட்டை விவசாயிகளுக்கு, மேல்பகுதியின் வறட்சி என்பது வேறு மாநிலச் செய்தி அன்று என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த வறட்சிக்குக் காரணம் மக்கள் பெருக்கமா? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள், தமிழகத்தில் 1.8. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-ஐ விட இவை குறைவு. பஞ்சாபில் இது 1.6 மட்டுமே. ஆனால் ஆண்டுதோறும் ஊறும் நிலத்தடி நீரில் 160 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும் மாநிலம் பஞ்சாப் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023-இல் கணக்கிட்டது. பிறப்பு விகிதம் 3.0 ஆக உள்ள பிகாரில் இது 50 சதவீதத்துக்கும் கீழ். கங்கைச் சமவெளியின் இயல்பான நீர்வளமும் இதற்குக் காரணம்தான். ஆயினும் இலவச மின்சாரம், நெல்லுக்கு உறுதியான கொள்முதல் ஆகிய கொள்கைகளே பஞ்சாபின் நீரை வற்ற வைத்தன என்பதில் வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நாட்டில் உறிஞ்சப்படும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்கே செல்கிறது.

எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த பதில்களின்படி, ஆண்டுக்கு ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய நீர் 2001-இல் 1,816 கன மீட்டர்; 2021-இல் அது 1,486 கன மீட்டராகக் குறைந்தது. 1,700 கன மீட்டருக்குக் கீழே சென்றால் நீர் நெருக்கடி என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை. பெய்யும் மழை மாறாதபோது, பங்கிடுவோர் கூடினால் பங்கு குறையும். ஆனால் அந்தப் பங்கு சமமாகப் பிரிக்கப்படுவதில்லை என்பதுதான் அடுத்து எழும் பிரச்சினை.

நூற்றாண்டு உற்பத்தி, ஓராண்டு நுகர்வு

தங்கவயலில் சுமார் 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மொத்தத் தங்கம் ஏறத்தாழ 800 டன். உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் நகையாகவும் கட்டியாகவும் வாங்கிய தங்கமும் ஏறத்தாழ 800 டன். நான்கு தலைமுறைத் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டியதை, நாடு இன்று ஒரே ஆண்டில் வாங்கி விடுகிறது. இந்த நுகர்வு வேகத்தைப் பிறப்பு விகிதத்தால் விளக்க இயலாது. வாங்கும் சக்தியும், சேமிப்பு வழக்கமும், வரதட்சிணை போன்ற சமூக நிர்ப்பந்தங்களுமே அதை விளக்கும்.

உலக அளவிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். சராசரி இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் இரண்டு டன். சராசரி அமெரிக்கர் வெளியிடுவது அதைப்போல் ஏழு மடங்கு. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்ட உலக மக்கள்தொகை, 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பின்னர் மெல்ல இறங்கும் என ஐ.நா. 2024-இல் கணித்துள்ளது. ஆக, தலைகளின் பெருக்கத்துக்கு ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. நுகர்வின் பெருக்கத்துக்கு அப்படியொரு முடிவை எந்த அமைப்பும் கணித்துச் சொல்லவில்லை.

'உபரி'யாக்கப்பட்ட மக்கள்

சுரங்கம் மூடப்பட்டபோது தங்கவயலின் மக்கள் திடீரென்று பெருகிவிடவில்லை. முந்தைய நாள் தொழிலாளர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள், மறுநாள் உபரி மக்களாகக் கணக்கிடப்பட்டனர். அவ்வளவே. சிறப்புப் பணிமுடிப்புத் தொகை வழங்கப்பட்டது. பலருக்கு அது கடனுக்கும் மருத்துவத்துக்குமே போதவில்லை. பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையைத் தவிர அங்கு சொல்லிக்கொள்ளும்படியான வேறு பெரிய தொழில் இல்லை. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி மூலம் சுரங்கத்தை விற்கலாம் என்று மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்த பின்னரும் சுரங்கம் திறக்கப்படவில்லை.

வேலை போனபின் மக்கள் ஊரை விட்டுப் போய்விடுவர் என்பது பொருளாதார நூல்களின் எதிர்பார்ப்பு. ஆனால் சுரங்கம் மூடிப் பத்தாண்டுகள் கழித்து, 2011 கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை 1 லட்சத்து 62 ஆயிரம். கல்லறையும் கோயிலும் விகாரையும் தேவாலயமும் வீடும் அங்கே இருக்கின்றன. தமிழகத்தில் பாட்டன் விட்டு வந்த கிராமத்தில் அவர்களுக்கு நிலம் இருந்ததில்லை. கர்நாடகத்தில் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். எனவே ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் காவலர்களாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் தூய்மைப் பணியாளர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். 2018-இல் வெளியான திரைப்படத்தால் தங்கவயலின் பெயர் நாடெங்கும் பரவியது. அந்த ரயிலின் நெரிசல் எந்தத் திரையிலும் வரவில்லை.

நாடாளுமன்றத்தின் பழைய கணக்கு

மக்கள்தொகையைத் தலைக்கணக்காக மட்டும் பார்த்ததன் விளைவை இந்த நாடாளுமன்றம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1974-இல் புகாரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற பொருளில் பேசியவர் அன்றைய அமைச்சர் கரண்சிங். இரண்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, அதே அமைச்சர் வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கையின் நிழலில் கட்டாயக் கருத்தடை அரங்கேறியது. 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அதே 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் குடும்ப நலத் திட்டத்தையும் பொதுப் பட்டியலில் 20-ஏ என்ற இனமாகச் சேர்த்தது. மக்களவை இடப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்தி வைத்தது. தங்கவயல் மூடப்பட்ட அதே 2001-ஆம் ஆண்டில், 84-ஆவது திருத்தத்தின் வாயிலாக அந்த நிறுத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டதும் தென் மாநிலங்களின் கவலை கூடியதில் வியப்பில்லை.

அந்தக் கவலை நியாயமானது. சிறிய குடும்பம் என்ற தேசியக் கொள்கையை ஏற்றுச் செயல்பட்ட மாநிலம், அதற்காகவே குரல் குறைந்து போவது கூட்டாட்சிக்கு உகந்ததன்று. ஆனால் அதற்கு விடையாகக் கூடுதல் குழந்தைகளைப் பெறச் சொல்வது, எண்ணிக்கையே அதிகாரம் என்ற அதே கணக்கை ஏற்றுக்கொள்வதாகும். இடப்பங்கீட்டின் அநீதியை இடப்பங்கீட்டு விதியில்தான் திருத்த வேண்டும். பிரசவ அறை அதற்கான இடமன்று.

இனிக் கேட்க வேண்டிய கேள்விகள்

தங்கவயல் வழக்கு இன்னும் முடியவில்லை. அங்குள்ள 13 கழிவு மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை ஏலத்தின் மூலம் எடுக்க, சுமார் 1,003 ஏக்கரில் மத்திய அரசு முன்வைத்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தெரிவித்தது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் உள்ள தூள் அது. விலை ஏறியதால் மட்டுமே மீண்டும் வளம் என்ற பெயர் பெற்றிருக்கிறது. அந்தக் குன்றுகளைக் கலைத்து மறுபடியும் வேதிப்பொருளில் ஊறவைக்கும்போது தூசும் நச்சுநீரும் யாருடைய வீட்டுக்குப் போகும், வேலை யாருக்குக் கிடைக்கும், வருவாயில் ஊருக்கு என்ன பங்கு என்ற கேள்விகளை இப்போதே அவையில் எழுப்ப வேண்டும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. சுரங்கத்தை மூடுவதற்கான திட்டத்தை முன்கூட்டியே அளிக்க வேண்டும் என்ற விதி 2003-இல் வந்தது. தங்கவயல் மூடி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு. ராயல்டியில் ஒரு பங்கைச் சுரங்கப் பகுதி மக்களுக்குச் செலவிட மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கும் திருத்தம் 2015-இல் வந்தது. பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகு. இவ்விரண்டும் தங்கவயலின் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குப் பின்தேதியிட்டுப் பொருந்துமா என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கோலார் உறுப்பினரின் கடமை மட்டுமன்று அது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் சிங்கரேணியின் நிலக்கரியும் ஒருநாள் தீரும், அல்லது தீரும் முன்பே பருவநிலைக் காரணங்களால் மூடப்படும். அன்று அங்குள்ள குடும்பங்கள் உபரி என்ற பட்டியலில் சேராதிருக்க, தங்கவயலுக்கு இன்று கிடைக்கும் விடையே முன்மாதிரியாகும்.

மனிதர்கள் பூமியின் வளத்தை மிஞ்சிவிட்டனரா என்று கேட்போர், அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்போது தலைகளை மட்டும் எண்ணி அமைதி அடைய வேண்டாம். எந்த மாவட்டத்தில் நீர் எத்தனை அடிக்குப் போனது, எந்த ஊரின் கழிவு எந்த ஊரில் கொட்டப்படுகிறது, எந்தச் சுரங்கம் எத்தனை பேரை விட்டுவிட்டு மூடப்பட்டது என்பவையும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டும். அதற்கு முன்பாகவே, சயனைடு மேடுகளுக்கான ஏலத்தின் நிபந்தனைகளில் ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் மக்களுக்கு என்ன எழுதப்படுகிறது என்பதைத் தமிழக, கர்நாடக உறுப்பினர்கள் கண்காணிப்பார்களா என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.